பத்தாவதில் 491, மாக் டெஸ்டில் 430: அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக: மகள் பத்தாவதில் 500-க்கு 491. இப்போது ப்ளஸ் டூ. சனி, ஞாயிறு பாண்டிக்கு பஸ்ஸில் போய் நீட் கோச்சிங். ஜூனில் 560 வந்த டெஸ்ட் மார்க் அக்டோபரில் 430-க்கு இறங்கிவிட்டது. டெஸ்ட் பேப்பரை ஒளித்து வைக்கிறாள், சனிக்கிழமை ராத்திரி தூங்குவதில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் ரேங்க் லிஸ்ட் வருகிறது. "நல்லா படிச்ச பொண்ணு, என்ன ஆச்சுன்னே தெரியல. கோச்சிங்கை நிறுத்திடலாமா, வேற இடத்துல சேர்க்கலாமா?"

அம்மா, முதலில் அந்த 560-ஐயும் 430-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை விடுங்கள். ஜூன், ஜூலையில் நடப்பவை பெரும்பாலும் பகுதித் தேர்வுகள். நாலைந்து பாடம், அதுவும் போன வாரம் நடத்தியது. அக்டோபரில் ப்ளஸ் ஒன் பாடம் முழுக்க, ப்ளஸ் டூவில் பாதி என்று வரும். ரெண்டும் 720-க்குத்தான், ஆனால் ரெண்டும் ஒரே தராசு இல்லை. தேர்வுத் தாளின் கடினமும் ஒரே மாதிரி இருக்காது. நிஜ நீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2024-இல் இறுதிப் பட்டியலில் 17 பேர் 720-க்கு 720. 2025-இல் இந்தியாவிலேயே முதலிடம் 686 தான். பிள்ளைகள் ஒரே வருஷத்தில் மக்காகிவிடவில்லை, இயற்பியல் கேள்விகள் கடுமையாக வந்தன, அவ்வளவுதான். அதே 2025-இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. அது 50 பெர்சென்டைல். அதாவது, எழுதிய சுமார் 22 லட்சம் பேரில் பாதிப் பேர் 144-க்குக் கீழே. 720-இல் 144 என்பது 20 சதவீதம். பெர்சென்டைலையும் சதவீதத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு "பாதி மார்க்கூட வரலையே" என்று வீட்டில் பேசுவது பல இடங்களில் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று: ஒரு கேள்வி சரியிலிருந்து தப்புக்கு மாறினால் போவது நாலு மார்க் இல்லை, அஞ்சு. நாலும் போய், மேலே ஒன்று கழிகிறது. அஞ்சு கேள்வி இப்படி அப்படிப் போனாலே 25 மார்க் ஆடும். எனவே ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் 25, 30 மார்க் வித்தியாசத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம். நாலு முழுத் தேர்வுகளின் சராசரியைப் பாருங்கள். அதற்குக் குறைந்த எதையும் பார்க்கத் தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் "மீத்திறன் மாணவர்" என்று பெயர் வாங்கிய பிள்ளைகளுக்கு நீட் மாதிரித் தேர்வில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பத்தாவதில் 491 வாங்கிக் கொடுத்த பழக்கங்களே இங்கே காலை வாரும். பொதுத்தேர்வில் எதையும் விடக்கூடாது, வரிசையாக எழுத வேண்டும், தெரியாததையும் யோசித்து யோசித்துக் கொண்டுவர வேண்டும், எழுதியதைத் திரும்பப் படிக்க வேண்டும். நீட்டில் 180 கேள்விக்கு 180 நிமிடம். அங்கே ஜெயிக்கிற பிள்ளை, வராத கேள்வியை நாற்பது விநாடியில் விட்டுவிட்டுப் போகத் தெரிந்த பிள்ளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எதையுமே விட்டுப் பழகாத பெண்ணுக்கு அது மானப் பிரச்சினை. ஒரே இயற்பியல் கணக்கில் ஆறு நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அந்த ஆறு நிமிடத்தில் எட்டு உயிரியல் கேள்வி முடிந்திருக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கடைசியாக எழுதிய தாளை அவளையே பிரிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பிரிக்காதீர்கள். 430 எப்படி வரும் என்பதற்கு ஒரு கணக்கு: 115 சரி, 30 தப்பு, 35 விட்டது. 460-இல் 30 போனால் 430. உங்கள் மகளின் தாளில் எண்கள் கொஞ்சம் மாறும், பிரிக்கிற விதம் மாறாது.

தப்பான 30-ஐ எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் தப்பாச்சு என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். "தவறான கூற்று எது" என்று கேட்டதை "சரியான கூற்று" என்று படித்தது, அலகு மாற்ற மறந்தது, ஓஎம்ஆர் விடைத்தாளில் பக்கத்து வட்டத்தை நிரப்பியது: இந்த மாதிரி தெரிந்தே போனவை 8 என்று வையுங்கள். மீதி 22 நிஜமாகவே தெரியாதவை. அடுத்து, விட்ட 35. அதில் கடைசியில் நேரம் இல்லாமல் கண்ணாலேயே பார்க்காதவை 14. ரெண்டு விடைகளுக்கு நடுவில் ஊசலாடி, "நிச்சயமாத் தெரியல" என்று விட்டவை 21.

இப்போது கூட்டுங்கள். தெரிந்தே தவறிய 8-ஐத் திருத்தினால் 40 மார்க். பார்க்காத 14-இல் 7 வந்தால் 28. ஊசலாடிய 21-ஐத் தைரியமாகப் போட்டிருந்தால் சராசரியாக 30-ஐ ஒட்டி. மொத்தம் நூறுக்குப் பக்கம். ஒரு புதுப் பாடம்கூடப் படிக்காமல் 530. இந்தக் கணக்கை அவள் தன் கையால் போட்டுப் பார்ப்பது, "உன்னால முடியும்மா" என்று நூறு தடவை நாம் சொல்வதைவிட வேலை செய்யும்.

அந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். "நெகட்டிவ் மார்க் இருக்கு, நிச்சயமா தெரிஞ்சா மட்டும் போடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி. நாலு விடையில் ரெண்டைக் கழித்துவிட்டு மிச்ச ரெண்டில் ஒன்றைப் போட்டால், ரெண்டு கேள்விக்கு ஒன்று சரி, ஒன்று தப்பு: 4 கழித்தல் 1, நிகரம் 3. கேள்விக்கு ஒன்றரை. ஒரே ஒரு விடையைத்தான் கழிக்க முடிந்தது என்றாலும் மூணு கேள்விக்கு 4 கழித்தல் 2, நிகரம் 2. அஞ்சில் ஒன்று சரியாக வந்தாலே நட்டமில்லை. ஆனால் எல்லாருக்கும் பாதிக்குப் பாதி சரியாக வராது. கேள்வி எடுப்பவர்கள் அந்த ரெண்டாவது விடையைச் சும்மா வைப்பதில்லை, பாதி படித்தவர் விழுவதற்கென்றே வைக்கிறார்கள். ஆகவே அடுத்த மூணு டெஸ்டில், ஊசலாடிப் போட்ட ஒவ்வொரு கேள்வியின் எண்ணையும் கேள்வித்தாளில் வட்டமிடச் சொல்லுங்கள். முடிந்ததும் வட்டமிட்டவற்றில் எத்தனை சரி என்று எண்ணட்டும். மூணில் ஒன்றுக்கு மேல் வந்தால் இனி விட வேண்டாம். எந்தப் பாடத்தில் அஞ்சில் ஒன்றுகூட வரவில்லையோ, அந்தப் பாடத்தில் மட்டும் விடட்டும். ஊகிக்கலாமா வேண்டாமா என்பது அப்போது அவளது சொந்தக் கணக்கில் வந்த பதிலாக இருக்கும்.

நேரப் பங்கீடு: உயிரியல் 90 கேள்வி, 360 மார்க். மொத்தத்தில் பாதி. அதை 45 நிமிடத்தில் முடிக்கலாம். வேதியியல் முதல் சுற்று 40, இயற்பியல் முதல் சுற்று 50. இதுவரை 135. மீதியில் 30 நிமிடம் விட்டுவிட்டு வந்த கேள்விகளுக்குத் திரும்ப, கடைசி 15 நிமிடம் கையிருப்பு. கேள்வித்தாளில் இயற்பியல் முதலில் அச்சாகியிருந்தாலும் அதில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. முதல் பக்கத்திலேயே ரெண்டு கணக்கு வரவில்லை என்றால் வரிசைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு அடுத்த மூணு மணி நேரமும் கை நடுங்கும். உயிரியலை முதலில் முடித்துவிட்டு வந்தால் பாதித் தேர்வு கைக்குள் வந்துவிட்ட நிதானம் இருக்கும்.

ஓஎம்ஆரைக் கடைசியில் மொத்தமாக நிரப்பக் கூடாது. வட்டத்துக்கு நாலு விநாடி என்றாலும் 180-க்கு 12 நிமிடம். அதுவும் பதற்றமான கடைசி 12 நிமிடம். கேள்வித்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு நிரப்பிவிட வேண்டும். விட்டு விட்டுப் போகப் பழகும்போது புதிதாக ஒரு தப்பு முளைக்கும்: 57-ஐ விட்டுவிட்டு 58-இன் விடையை 57-இல் போடுவது. அங்கிருந்து எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும், பேனாவில் போட்டதை அழிக்கவும் முடியாது. ஒவ்வொரு பத்தாவது கேள்வியிலும் எண்ணை வாய்க்குள் சொல்லிச் சரிபார்த்தால் போதும். கைக்கடிகாரம் தேர்வறைக்குள் அனுமதி இல்லை என்பதால் வீட்டிலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே பழகட்டும்.

நீட் மதியம் 2 முதல் 5 வரை நடக்கிறது. உங்கள் கோச்சிங் டெஸ்ட் காலை 9 மணிக்கு என்றால், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டில் 2 மணிக்கு உட்கார்ந்து ஒரு பழைய தாளை முழுக்க எழுத வேண்டும். சாப்பாடு 12 மணிக்குள், அரை வயிறு. 2025-இல் தேர்வு மே 4, கத்திரி தொடங்கிய அதே நாள். கடலோரப் புழுக்கத்தில் மதியம் 3 மணிக்குத் தலை எப்படி வேலை செய்யும் என்பதை ஏசி வகுப்பறையில் எழுதிக் கண்டுபிடிக்க முடியாது.

பதற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மனசுக்குள் ஒரு சின்ன ஸ்லேட் இருப்பதாக வையுங்கள். செயல்நினைவு என்று சொல்வார்கள். சாய்தளத்தில் இறங்கும் கட்டை கணக்கைப் போடும்போது கோணம், உராய்வு, எந்தத் திசை நேர்க்குறி, இதுவரை வந்த விடை எல்லாம் அந்த ஸ்லேட்டில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். "இந்த வாரமும் லிஸ்ட்ல கீழ போயிட்டா அம்மா முகத்தை எப்படிப் பார்க்கிறது" என்பதும் அதே ஸ்லேட்டில்தான் எழுதப்படுகிறது. இடம் போதாது. அதனால் முதலில் விழுவது இயற்பியல். உயிரியல் நேரடி நினைவு என்பதால் கடைசிவரை தாங்கும். செயல்நினைவு அதிகம் உள்ளவர்களுக்குத்தான் நெருக்கடியில் கணக்குத் திறன் கூடுதலாகச் சரிகிறது என்று 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது ஏன் நடக்கிறது என்ற உங்கள் கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

இது பதற்றமா, பாடம் தெரியாததா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. டெஸ்டுக்கு மறுநாள், விடைக்குறிப்பைப் பார்ப்பதற்கு முன்னால், இயற்பியலில் தவறியதையும் விட்டதையும் கடிகாரம் இல்லாமல் திரும்பப் போடச் சொல்லுங்கள். 20-இல் 12, 13 வந்துவிட்டால் பாடம் இருக்கிறது, நெருக்கடிதான் சாப்பிடுகிறது. 4, 5 தான் வருகிறது என்றால் தைரியம் சொல்லிப் பிரயோஜனமில்லை, அந்தப் பாடங்களை அடியிலிருந்து நடத்த வேண்டும். ரெண்டுக்கும் மருந்து வேறு வேறு. பெரும்பாலான வீடுகளில் முதல் வகைப் பிள்ளைக்கு ரெண்டாவது மருந்தைக் கொடுக்கிறார்கள்: மார்க் குறைந்தால் இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதல் படிப்பு, அதற்காகத் தூக்கத்தில் வெட்டு.

முதல் வகைக்கு, டெஸ்டுக்கு முன்னால் பத்து நிமிடம் மனசில் உள்ள பயத்தை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடச் சொல்லலாம். பார்க்க விளையாட்டாக இருக்கும். ஆனால் 2011-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் வழக்கமாகப் பயப்படுகிறவர்கள் உயிரியல் தேர்வுக்கு முன் இப்படி எழுதியபோது மார்க் கூடியது. செலவு ஒரு தாள்.

தூக்கம்: இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை. பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே உடம்புக்குள் பின்னால் தள்ளிப்போகிறது. எனவே பத்தரைக்குத் தூங்காத பெண்ணை விடியற்காலை 4 மணிக்கு எழுப்பினால், அன்று படிப்பதும் நிற்காது, நேற்றுப் படித்ததும் சரியாகப் பதியாது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் காபி வேண்டாம். குடித்ததில் பாதி, அஞ்சு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல் புத்தகம் மூடியாக வேண்டும். பாண்டி பஸ் ஒரு மணி நேரம், போக வர ரெண்டு. அதில் படிக்கச் சொல்லாதீர்கள், தூங்கட்டும்.

மழைக்கும் இடம் விட்டு அட்டவணை போடுங்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதும், அதன்பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் கடலூர், பாண்டி இரண்டிலும் நாள்கணக்கில் பள்ளி இல்லை. நவம்பர், டிசம்பரில் ஒரு வாரம் காலியாக விட்டுவிட்டால், மழை நாளில் "பின்தங்கிட்டேன்" என்ற புலம்பல் வராது. கரன்ட் போனாலும் எழுத நாலு பழைய தாள் அச்செடுத்து வைத்திருங்கள்.

"டாக்டராகலைன்னா வேற என்ன" என்று ஒரு பட்டியலை இப்போதே, நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில், சேர்ந்து எழுதுங்கள். கணித மேதை ராமானுஜன் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் ஃபெயிலான கதையை மட்டும் எடுக்காதீர்கள், அந்த ஆறுதல் எந்தப் பதினேழு வயதுக்கும் வேலை செய்வதில்லை. மருத்துவ இடங்களையும் சேர்த்து, பட்டியலில் எல்லாம் ஊர் பெயரோடு இருக்கட்டும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில். பாண்டியில் உள்ள மத்திய அரசு மருத்துவக் கல்லூரியான ஜிப்மர் முன்பு தனித் தேர்வு வைத்தது, 2020 முதல் அதுவும் நீட் வழியாகத்தான், அகில இந்திய இடங்களுக்குக் கடலூர்ப் பெண் விண்ணப்பிக்கலாம். ஆனால் சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பு நடத்தும் அரசு ஒதுக்கீடு புதுச்சேரி குடியிருப்புக்காரர்களுக்கு. கோச்சிங் பாண்டியில் என்பதால் மட்டும் அது கிடைத்துவிடாது. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கடலூர் பக்கம் இருக்கிறவர்களுக்கும் சில கிலோமீட்டரில் இந்தக் கணக்கு தலைகீழாகும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ மாநில ஒதுக்கீடும், வேளாண்மையும் ப்ளஸ் டூ மார்க்கில். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே வேளாண்மை இருக்கிறது. ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் ஐஐஎஸ்இஆர் என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிறுவனங்கள் நடத்தும் ஐஏடி நுழைவுத் தேர்வு, 60 கேள்வி, அதில் இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் தலா 15. "ப்ளஸ் டூ மார்க் ஒண்ணுமே இல்ல, நீட்தான் எல்லாம்" என்று கோச்சிங்கில் சொல்வது இந்தப் பட்டியலைப் பார்த்தால் நிற்காது.

வீட்டில் பேச்சு. ஞாயிறு சாயங்காலம் வாசலிலேயே "எவ்வளவு?" வேண்டாம். சாப்பிட்ட பிறகு, "இந்த வாரம் தெரிஞ்சே போனது எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணைக் குறைப்பது அவள் கையில் இருக்கிறது, ரேங்க் இல்லை. "இவ்வளவு செலவு பண்றோம்" என்பதை வீட்டில் யாரும், தாத்தா உட்பட, சொல்லக்கூடாது. வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்தால் போதாது, வெளியே வந்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளிலேயே 2017-இல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கோச்சிங் சென்டர் வாராவாரம் அதைச் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்று நிர்வாகத்திடம் கேட்கவும் கேட்கலாம். பேப்பரை ஒளிப்பதற்குத் திட்டாதீர்கள், தேடியும் எடுக்காதீர்கள். "பேப்பர் உன்கிட்டயே இருக்கட்டும், எது ஏன் தப்பாச்சுன்னு எழுதுற பிழை நோட்டு மட்டும் போடு" என்று சொல்லிவிட்டால் ஒளிப்பதற்குக் காரணம் போய்விடும்.

ரெண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தோழிகளிடம் பேசாமல், பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தால் அது மார்க் விவகாரம் இல்லை. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ரெண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றே கேளுங்கள், நேரடியாக: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். அவளைத் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள், ஜிப்மரிலும் அந்தத் துறை இருக்கிறது.

கடைசியாக, கோச்சிங். வேறு இடத்துக்கு இப்போது மாற்ற வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் பாட வரிசை வேறு. நடுவில் போனால் சிலது ரெண்டு தடவை வரும், சிலது வராமலே போகும். முழுசாக நிறுத்தவும் வேண்டாம். டெஸ்டை மட்டும் பாதியாக்குங்கள்: ஒரு ஞாயிறு முழுத் தேர்வு, அடுத்த ஞாயிறு டெஸ்ட் கிடையாது. அந்த ரெண்டாவது ஞாயிறு அவள் பஸ் ஏற வேண்டாம். காலை எட்டு வரை தூங்கிவிட்டு, மூணு மணி நேரம் பிழை நோட்டோடு உட்காரட்டும். சென்டரில் "டெஸ்ட் மிஸ் பண்ணா ஸ்டார் பேட்ச்சிலிருந்து எடுத்துடுவோம்" என்றால், எடுத்துக்கொள்ளட்டும்.